செஸ் சாப்ட்வேர்: எந்தப் பதிப்பை வாங்கலாம்?

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கிய வீடுகளில், முதல் மாதத்திலேயே எழும் கேள்வி, "இதில் என்ன கேம்ஸ் போடலாம்?" என்பதுதான். துப்பாக்கி, கார் ரேஸ் என்று பிள்ளைகள் கேட்பார்கள். பெற்றோர், "மூளைக்கு வேலை தருவதாக ஒன்று இருந்தால் நல்லது" என்பார்கள். இரு தரப்பும் ஒப்புக் கொள்ளும் விளையாட்டு பெரும்பாலும் செஸ்தான்.

ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியிலிருந்து வாசகி ஒருவர் இது குறித்து எழுதியுள்ளார். அவருடைய மகன் ஏழாம் வகுப்பு படிக்கிறான்; பள்ளி செஸ் அணியில் இடம் பிடித்திருக்கிறான். அவனுடைய வாப்பா ஜித்தாவில் வேலை பார்க்கிறார். விடுமுறையில் வரும்போது ஒரு நல்ல செஸ் சாப்ட்வேர் வாங்கி வருவதாகச் சொல்லியிருக்கிறார். "பிரிட்ஸ் என்கிறார்கள், செஸ்மாஸ்டர் என்கிறார்கள். ஒவ்வொன்றிலும் 10, 11, 19, 20 என்று எண்கள் வேறு. எதை வாங்கச் சொல்வது? தெரிந்தவர் ஒருவர் பழைய சிடி ஒன்றைக் குறைந்த விலைக்குத் தருவதாகச் சொல்கிறார். அதை வாங்கலாமா?" என்று கேட்டுள்ளார்.

இதே குழப்பம் பலருக்கும் இருக்கும் என்பதால், சற்று விரிவாகவே பதில் தருகிறோம்.

எண் எதைக் குறிக்கிறது?

செஸ் ஒரு போர் விளையாட்டு. அதன் பழைய பெயரான சதுரங்கம் என்பதே நால்வகைப் படையைக் குறிக்கிறது. பலகையும் விதியும் ஒன்றுதான். 64 கட்டங்கள், பக்கத்திற்கு 16 காய்கள். அப்படியானால் சாப்ட்வேரில் ஏன் இத்தனை பதிப்புகள்?

ஒரு செஸ் சாப்ட்வேரில் இரண்டு பகுதிகள் உள்ளன. முதலாவது இன்ஜின். அடுத்து எந்தக் காயை நகர்த்துவது என்று கணக்குப் போடும் மூளை இது. இரண்டாவது, நாம் திரையில் காணும் பகுதி. பலகை, காய்கள், கடிகாரம், பாடங்கள், ஆடிய ஆட்டங்களைச் சேமித்து வைக்கும் இடம் எல்லாம் இதில் அடங்கும். புதிய பதிப்பு என்றால் இந்த இரண்டில் ஒன்றோ, இரண்டுமோ மாற்றப்பட்டிருக்கும்.

பெயரும் எண்ணும் தொடர்ந்தாலும் உள்ளே இருக்கும் மூளை அதேதான் என்று நினைக்க வேண்டாம். ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரில் இயங்கும் செஸ்பேஸ் நிறுவனத்தின் பிரிட்ஸ் முதன் முதலில் 1991ல் வெளிவந்தது. தொடக்கத்தில் அதன் இன்ஜினை எழுதியவர் பிரான்ஸ் மோர்ஷ். 2015ல் வந்த பிரிட்ஸ் 15ல் இருந்ததோ வாசிக் ராஜ்லிக் என்பவரின் இன்ஜின். எனவே 15 என்பது 14ஐக் காட்டிலும் ஒரு படி மேலானது என்று மட்டும் பொருள் கொள்ளக் கூடாது. உள்ளே இருப்பவரே மாறியிருக்கலாம்.

பலத்தைப் பார்த்து வாங்க வேண்டாம்

"உலகின் மிகப் பலமான செஸ் புரோகிராம்" என்று பாக்ஸின் மேல் அச்சிட்டிருப்பார்கள். வீட்டு உபயோகத்திற்கு இது ஒரு பொருட்டே அல்ல. ஏன் என்று பார்ப்போம்.

1997ல் ஐ.பி.எம். நிறுவனத்தின் டீப் புளூ, அன்றைய உலக சாம்பியன் காஸ்பரோவை வென்றது. அது தனியாக வடிவமைக்கப்பட்ட சூப்பர் கம்ப்யூட்டர். 2006ல் ஜெர்மனியின் பான் நகரில், டீப் பிரிட்ஸ் சாப்ட்வேர், அன்றைய உலக சாம்பியன் கிராம்னிக்கை 4-2 என்ற கணக்கில் தோற்கடித்தது. இந்த முறை சூப்பர் கம்ப்யூட்டர் எதுவும் இல்லை. கடையில் கிடைக்கும் இன்டெல் ப்ராசசர்களைக் கொண்ட கம்ப்யூட்டர்தான்.

உலக சாம்பியனையே வெல்லும் பலம் 2006லேயே வீட்டுக் கம்ப்யூட்டருக்கு வந்துவிட்டது. அதன் பின் வந்த ஒவ்வொரு பதிப்பும் இன்னும் பலம் கூடியது என்றால், அதனால் ஏழாம் வகுப்பு மாணவனுக்கு என்ன லாபம்? பழைய பதிப்பிடம் 20 நகர்த்தல்களில் தோற்பவன், புதிய பதிப்பிடமும் 20 நகர்த்தல்களில்தான் தோற்பான்.

நமக்கு வேண்டியது வேறு. பலத்தைக் குறைத்துக் கொண்டு நம் அளவுக்கு இறங்கி வந்து ஆட வேண்டும். தவறு செய்தால் எந்த இடத்தில் செய்தோம் என்று சொல்ல வேண்டும். பாடங்கள் இருக்க வேண்டும். நெட் இணைப்பு இல்லாதபோதும் இயங்க வேண்டும். நம் கம்ப்யூட்டரில் ஓட வேண்டும். இந்த ஐந்தையும் வைத்துத்தான் பதிப்பைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

செஸ்மாஸ்டர்: பழைய சிடி வேண்டுமா?

தாடி வைத்த மந்திரவாதியின் படம் போட்ட செஸ்மாஸ்டர் பாக்ஸைப் பலர் பார்த்திருப்பீர்கள். 1986ல் தொடங்கிய வரிசை இது. கற்றுக் கொள்பவர்களுக்கு மிக நல்ல சாப்ட்வேர் என்று பெயர் எடுத்தது. அமெரிக்க வீரர் ஜோஷ் வெய்ட்ஸ்கின் குரலில் பாடங்கள், வெவ்வேறு குணம் கொண்ட எதிராளிகள், சிறுவர்களுக்கென தனிப் பகுதி எல்லாம் இருந்தன.

ஆனால் 2007ல் யூபிசாப்ட் வெளியிட்ட கிராண்ட்மாஸ்டர் எடிஷன்தான் இந்த வரிசையில் கடைசி. அதன் பின் புதிய பதிப்பு வரவில்லை. இன்று யாராவது "செஸ்மாஸ்டர் புதிய பதிப்பு" என்று விற்றால், வாங்காமல் திரும்பி வந்துவிடுங்கள்.

பழைய சிடியை வாங்குவதிலும் ஒரு சிக்கல் உண்டு. அந்தக் காலத்து கேம் சிடிக்கள் பலவற்றில், நகல் எடுப்பதைத் தடுக்க சேப்டிஸ்க் போன்ற பாதுகாப்பு முறைகள் சேர்க்கப்பட்டிருந்தன. 2015ல் வந்த விண்டோஸ் 10 சிஸ்டத்தில் சேப்டிஸ்க் இயங்குவதை மைக்ரோசாப்ட் நிறுத்திவிட்டது. ஆகவே சிடி ஒரிஜினலாக இருந்தாலும், கீறல் இல்லாமல் இருந்தாலும், புதிய கம்ப்யூட்டரில் ஓடாமல் போகலாம். இப்போது வரும் லேப்டாப்கள் பலவற்றில் சிடி டிரைவே கிடையாது. எனவே எந்தப் பழைய சிடியாக இருந்தாலும், உங்கள் கம்ப்யூட்டரில் போட்டு இயக்கிக் காட்டினால் மட்டும் பணம் கொடுங்கள்.

"கிராக் செய்த முழு சாப்ட்வேர் இலவசம்" என்று நெட்டில் கிடைப்பவற்றின் பக்கமே போக வேண்டாம். செஸ் ஆடப் போய், பேங்க் பாஸ்வேர்டைத் திருடும் வைரஸை உள்ளே விட்ட கதையாகிவிடும்.

இன்னொரு சந்தேகத்தையும் இங்கேயே தீர்த்துவிடலாம். விண்டோஸ் விஸ்டாவிலும் விண்டோஸ் 7லும், ஹோம் பிரீமியம் போன்ற சில பதிப்புகளில் செஸ் டைட்டன்ஸ் என்ற கேம் சேர்த்தே தரப்பட்டது. "மாமா வீட்டுக் கம்ப்யூட்டரில் இருக்கிறது, நம் கம்ப்யூட்டரில் ஏன் இல்லை?" என்று பிள்ளைகள் கேட்பதுண்டு. விண்டோஸ் 8 முதல் அது நீக்கப்பட்டுவிட்டது. கம்ப்யூட்டரில் கோளாறு எதுவும் இல்லை. விண்டோஸ் 7க்கான பாதுகாப்பு அப்டேட்டை மைக்ரோசாப்ட் 2020 ஜனவரியில் நிறுத்திவிட்டது. ஒரு கேமுக்காகப் பழைய சிஸ்டத்தைத் தேடிப் போக வேண்டாம்.

பிரிட்ஸ்: யாருக்கு ஏற்றது?

பிரிட்ஸ் வரிசை இன்றும் தொடர்கிறது. 2023ல் பிரிட்ஸ் 19, 2025ல் பிரிட்ஸ் 20 வெளிவந்தன. விலை நம் பணத்தில் பல ஆயிரம் ரூபாய் ஆகும். ஆடிய ஆட்டங்களை ஆராய்வதற்கும், தொடக்க நகர்த்தல்களைத் தொகுத்து வைப்பதற்கும் நல்ல வசதிகள் உண்டு. மாவட்ட, மாநிலப் போட்டிகளுக்குத் தொடர்ந்து போகிறவர்கள், பயிற்சியாளர் வைத்திருப்பவர்கள் வாங்கலாம். அதுவும் பயிற்சியாளர் கேட்டால் மட்டும்.

வாங்குவதென்றால் கடைசிப் பதிப்பைத்தான் வாங்க வேண்டும் என்பதில்லை. முந்தைய பதிப்பு விலை குறைவாகக் கிடைத்தால், அது உங்கள் விண்டோஸில் இயங்குமா என்று பாக்ஸின் பின்புறம் பார்த்துவிட்டு வாங்கலாம். ஆக்டிவேஷன் கீ ஏற்கெனவே பயன்படுத்தப்பட்டதா என்பதையும் கேட்டுக் கொள்ளவும். பயன்படுத்திய கீ என்றால் டிஸ்க் மட்டும் கையில் இருந்து பயனில்லை.

ஒரு வழக்கு தரும் பாடம்

பணம் கொடுத்து வாங்குவது எப்போதும் இலவசமாகக் கிடைப்பதை விடச் சிறந்தது என்று நினைப்பவர்கள், இந்த வழக்கைத் தெரிந்து கொள்ள வேண்டும்.

ஸ்டாக்பிஷ் என்று ஒரு இன்ஜின் உள்ளது. 2008ல் தொடங்கப்பட்டது. உலகெங்கும் உள்ள தன்னார்வலர்கள் சேர்ந்து உருவாக்குவது, முற்றிலும் இலவசம். இதனை யார் வேண்டுமானாலும் நகல் எடுக்கலாம், மாற்றலாம், விற்கவும் செய்யலாம். ஆனால் ஜி.பி.எல். என்னும் உரிமத்தின்படி, வாங்குபவருக்கு அதன் மூல நிரலைப் பெறும் உரிமையையும் சேர்த்துத் தர வேண்டும்.

2021 பிப்ரவரியில் செஸ்பேஸ் நிறுவனம், பேட் பிரிட்ஸ் 2 என்ற இன்ஜினை 99.90 யூரோ விலையில் வெளியிட்டது. உள்ளே இருப்பது சிறு மாற்றங்களுடன் கூடிய ஸ்டாக்பிஷ்தான் என்று ஸ்டாக்பிஷ் குழுவினர் கூறினர். உரிம விதிகள் மீறப்பட்டதாக அந்த ஆண்டு ஜூலையில் ஜெர்மனியில் வழக்குத் தொடர்ந்தனர். 2022 நவம்பரில் சமரசம் ஏற்பட்டது. ஸ்டாக்பிஷ் அடங்கிய தயாரிப்புகளை ஓராண்டுக்கு விற்பதில்லை என்றும், இலவச மென்பொருள் உரிமங்களைக் கவனிக்கத் தனி அலுவலர் ஒருவரை நியமிப்பதாகவும் செஸ்பேஸ் ஒப்புக் கொண்டது.

இதனால் செஸ்பேஸின் எல்லாத் தயாரிப்புகளும் வேண்டாதவை என்று ஆகிவிடாது. வாங்குபவர் கவனிக்க வேண்டியது ஒன்றுதான்: செஸ்ஸில் பலத்திற்கு இன்று விலை இல்லை. உச்ச பலம் இலவசமாகவே கிடைக்கிறது. பணம் கொடுப்பதானால் பாடத்திற்கும், பயிற்சிக்கும், வசதிக்கும் கொடுங்கள்.

இலவசமாகக் கிடைப்பவை

லூகாஸ் செஸ்: விண்டோஸ் கம்ப்யூட்டருக்கு நாங்கள் முதலில் பரிந்துரைப்பது இதுதான். ஒரு முறை டவுன்லோட் செய்து பதிந்து கொண்டால், நெட் இணைப்பு இல்லாமலேயே இயங்கும். மிக எளிய நிலையிலிருந்து மிகக் கடினமான நிலை வரை பல இன்ஜின்கள் உள்ளே உள்ளன. சிறுவர்களுக்காகக் குரங்கு, கழுதை, காளை, ஓநாய், சிங்கம் என்ற பெயர்களில் எதிராளிகள் இருக்கின்றன. குரங்கை வென்றவன் அடுத்து கழுதையிடம் போகலாம். தவறான காயை நகர்த்தும்போது நல்ல வழியைக் காட்டும் டியூட்டர் வசதியும் உண்டு. தோற்றம் சற்றுப் பழையதாகத்தான் இருக்கும். அதைப் பொருட்படுத்த வேண்டாம்.

லிசெஸ்: இது பிரவுசரில் இயங்கும் தளம். எல், ஐ, சி, எச், இ, எஸ், எஸ் என்று இடைவெளி இன்றி டைப் செய்து, பின் டாட் ஓ.ஆர்.ஜி. தரவும். 2010ல் தொடங்கப்பட்டு, நன்கொடையில் இயங்குகிறது. விளம்பரமும் சந்தாவும் இல்லை. காய்களின் நகர்வைக் கற்றுத் தரும் பகுதி, புதிர்கள், எட்டு நிலைகளில் கம்ப்யூட்டருடன் ஆடும் வசதி எல்லாம் உண்டு. பிள்ளைகளுக்கு அக்கவுன்ட் திறக்கும்போது, செட்டிங்ஸ் பகுதியில் கிட் மோட் என்பதை இயக்கிவிடவும். முகம் தெரியாதவர்கள் சாட் மூலம் பேச முடியாதபடி அது தடுத்துவிடும்.

செஸ்.காம்: இதிலும் இலவச அக்கவுன்ட் உண்டு. ஆனால் புதிர், ஆட்ட ஆய்வு போன்றவற்றுக்குத் தினசரி வரம்பு உள்ளது. வரம்பு வேண்டாம் என்றால் கோல்டு, பிளாட்டினம், டைமண்ட் என்று சந்தாக்கள் உள்ளன. பாக்ஸ் வாங்குவது போல ஒரு முறை கொடுத்து முடிவதல்ல சந்தா என்பதை நினைவில் கொள்ளவும். முதலில் மூன்று மாதம் இலவசமாக ஆடிவிட்டு, உண்மையிலேயே வரம்பு இடைஞ்சலாக இருந்தால் யோசிக்கலாம்.

ஸ்டாக்பிஷ்: இதனை நேரடியாக டவுன்லோட் செய்தால் இன்ஜின் மட்டும்தான் வரும், டபுள் கிளிக் செய்தால் கருப்பு விண்டோ ஒன்று திறக்கும். பலகையைக் காணோமே என்று பயப்பட வேண்டாம். அரினா போன்ற இலவச புரோகிராமில் அதனை இணைத்துக் கொள்ள வேண்டும். இதிலும் பதிப்புப் பிரச்னை உண்டு. அதன் தளத்தில் ஏ.வி.எக்ஸ்.2 என்றும், எஸ்.எஸ்.இ.4.1 என்றும் தனித்தனியே கொடுத்திருப்பார்கள். இது ப்ராசசரைப் பொறுத்தது. முதலாவது வேகமானது. ஆனால் செலரான், பென்டியம் வகை ப்ராசசர் உள்ள குறைந்த விலை லேப்டாப்கள் பலவற்றில் அது இயங்காது. அவர்கள் இரண்டாவதை எடுத்துக் கொள்ளவும். உங்கள் ப்ராசசர் எது என்று அறிய, ஸ்டார்ட் பட்டனில் ரைட் கிளிக் செய்து, சிஸ்டம் என்பதைத் தேர்ந்தெடுத்தால் போதும்.

இன்ஸ்டால் ஆகாவிட்டால்...

புதிய லேப்டாப் சிலவற்றில் விண்டோஸ், எஸ் மோட் என்ற நிலையில் வரும். இந்த நிலையில் மைக்ரோசாப்ட் ஸ்டோரில் உள்ள புரோகிராம்களை மட்டுமே பதிய முடியும். லூகாஸ் செஸ் போன்றவற்றை இன்ஸ்டால் செய்ய முயன்றால் தடுத்துவிடும். செட்டிங்ஸ் பிரிவில் ஆக்டிவேஷன் பக்கம் சென்று, எஸ் மோடிலிருந்து இலவசமாக வெளியேறலாம். ஆனால் மீண்டும் அதற்குத் திரும்ப முடியாது. யோசித்துச் செய்திடவும். வெளியேற விருப்பம் இல்லை என்றால் லிசெஸ் தளமே போதும்; அது பிரவுசரிலேயே இயங்கும்.

கடல் கடந்து ஓர் ஆட்டம்

ஏர்வாடி, கீழக்கரை பகுதிகளில் வெளிநாட்டில் வேலை பார்ப்பவர் இல்லாத தெருவே இருக்காது. இவர்களுக்கு, எந்தப் பாக்ஸிலும் கிடைக்காத ஒரு வசதி லிசெஸ், செஸ்.காம் இரண்டிலும் உள்ளது. ஒரு நகர்த்தலுக்கு ஒரு நாள், மூன்று நாள், ஒரு வாரம் என்று அவகாசம் வைத்து ஆடலாம். அந்தக் காலத்தில் தபால் கார்டில் நகர்த்தலை எழுதி அனுப்பி ஆடுவார்களே, அதே முறைதான்.

சவுதி நேரம் நம்மைவிட இரண்டரை மணி பின்தங்கியது. அங்கே வேலை முடியும்போது இங்கே பிள்ளை தூங்கியிருப்பான். நேருக்கு நேர் ஆடுவது வெள்ளிக்கிழமைகளில் மட்டுமே நடக்கும். அவகாசம் வைத்து ஆடினால், மகன் பள்ளி விட்டு வந்து ஒரு காயை நகர்த்தலாம். வாப்பா இரவு அறைக்கு வந்து மொபைலில் பதில் நகர்த்தல் செய்யலாம். ஆட்டம் ஒரு மாதம் கூட ஓடும். சினிமா பார்ப்பது போல டேட்டாவும் செலவாகாது.

இதற்குச் செய்ய வேண்டியது இதுதான். இருவரும் தனித்தனியே அக்கவுன்ட் திறக்கவும். ஒருவர், நண்பருக்குச் சவால் விடும் பட்டனில் கிளிக் செய்திடவும். நேரம் என்ற இடத்தில் கரஸ்பாண்டன்ஸ் என்பதைத் தேர்ந்தெடுத்து, எத்தனை நாள் என்று குறிப்பிடவும். பின்னர் மற்றவரின் பெயரைத் தந்தோ, லிங்க்கை அனுப்பியோ அழைக்கலாம். ஆட்டத்தின் நடுவே வேறொரு இன்ஜினிடம் கேட்டு ஆடக் கூடாது. முகம் தெரியாதவர்களுடன் ஆடும்போது இப்படிச் செய்தால் தளங்கள் அக்கவுன்ட்டையே மூடிவிடும்.

குகேஷ் கற்ற விதம்

"பெரிய போட்டிகளில் வெல்லப் பலமான சாப்ட்வேர் வேண்டாமா?" என்று கேட்பவர்களுக்கு நம் மாநிலத்திலேயே பதில் இருக்கிறது. 2024 டிசம்பர் 12 அன்று சிங்கப்பூரில் டிங் லிரனை வென்று, 18 வயதில் உலக சாம்பியன் ஆனவர் சென்னையைச் சேர்ந்த குகேஷ். அவருடைய பயிற்சியாளர் கிராண்ட்மாஸ்டர் விஷ்ணு பிரசன்னா, தொடக்க ஆண்டுகளில் இன்ஜினைப் பயன்படுத்தவே அவரை விடவில்லை. கிராண்ட்மாஸ்டர் தரத்தை எட்டும் வரை குகேஷ் தன் மூளையால்தான் கணக்கிட்டுப் பழகினார். 2019 ஜனவரியில், 12 வயதிலேயே அவர் கிராண்ட்மாஸ்டரும் ஆனார்.

பதிலை இன்ஜின் உடனே காட்டிவிட்டால், யோசிக்கும் பழக்கம் வராது என்பதே இதன் அடிப்படை. வீட்டிலும் இதனைப் பின்பற்றலாம். ஆட்டம் முடிந்ததும் உடனே ஆய்வு பட்டனைத் தட்ட விடாதீர்கள். எந்த இடத்தில் தோற்றோம் என்று பிள்ளையே முதலில் ஒரு நோட்டில் எழுதட்டும். அதன் பின் கம்ப்யூட்டரைக் கேட்கலாம்.

எனவே, யார் எதை வாங்கலாம்?

புதிதாகக் கற்பவர்: எதையும் வாங்க வேண்டாம். லூகாஸ் செஸ்ஸும் லிசெஸ்ஸும் போதும்.

பள்ளி அணியில் ஆடுபவர்: அதே இரண்டும், தினமும் பத்துப் புதிர்களும். ஓராண்டு கழித்து மீண்டும் யோசிக்கலாம்.

நெட் சரியாகக் கிடைக்காத வீடு: லூகாஸ் செஸ் மட்டும். பிரவுசிங் சென்டரிலோ நண்பர் வீட்டிலோ டவுன்லோட் செய்து, பென் டிரைவில் எடுத்து வரலாம்.

பயிற்சியாளருடன் போட்டிகளுக்குச் செல்பவர்: பயிற்சியாளர் சொன்னால் பிரிட்ஸ். முந்தைய பதிப்பு என்றாலும் சரி.

பழைய சிடி: இயங்குவதைக் கண்ணால் பார்க்காமல் வாங்க வேண்டாம்.

சாப்ட்வேருக்கு என்று எடுத்து வைத்த பணத்தில் ஒரு பகுதியைக் கொண்டு, போட்டி அளவிலான பலகை, காய்கள், செஸ் கடிகாரம் ஆகியவற்றை வாங்கிவிடுங்கள். பள்ளிப் போட்டிகளில் மேஜை மீதுள்ள பலகையில்தான் ஆட வேண்டும். திரையில் மட்டும் பழகிய கண்ணுக்கு, நிஜப் பலகையில் எதிரே நிற்கும் யானையும் குதிரையும் முதலில் பிடிபடாது. திரையில் வரும் புதிரைப் பலகையில் அடுக்கி வைத்து விடை காணப் பழகினால், இந்தத் தடுமாற்றம் சில வாரங்களிலேயே நீங்கிவிடும்.